பின்பக்கத்தைப் புரட்டியவள்

யூனிஸ் ட்ராஸ்க்கைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் பெலாமி ஹார்பரில் கிடையாது. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலிதான். அவள் என் சூப்பைக் குடித்திருக்கிறாள். குடித்துவிட்டு உப்பு போதாது என்றும் சொல்லியிருக்கிறாள். என்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள இயலாது என்று திரும்பத் திரும்ப எழுதித் தெரிவித்தவளும் அவள்தான். ஒவ்வொரு முறையும் தபால்தலை ஒட்டி அனுப்பினாள். வேலிக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்திருக்கலாம். மாட்டாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். தபாலில் வராத காகிதம் அவளுக்குக் காகிதமே இல்லை. இப்போது அவள் இல்லை. நான் எழுதுவதை மறுத்து எழுத ஆளில்லாததால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

சங்கம் என்றால் பெலாமி வழித்தோன்றல்கள் சங்கம். எங்கள் ஊரில் இரண்டே வகை மனிதர்கள்தான்: ஜேபெஸ் பெலாமியின் வம்சத்தார், மீன் பிடிக்கிறவர்கள். ஜேபெஸ் 1637-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து பாஸ்டன் பக்கத்து இந்தக் கரையில் இறங்கினான். இரண்டு கல்யாணம் செய்து பதினாறு பிள்ளை பெற்றான். அதைத் தவிர அவன் என்ன சாதித்தான் என்பதற்கு ஆதாரம் குறைவு. பன்றியை அடுத்தவன் தோட்டத்தில் அவிழ்த்து விட்டதற்காக அபராதம் கட்டியிருக்கிறான். சங்கம் அச்சிட்ட சரித்திரப் புத்தகத்தில் அது 'கால்நடை வளர்ப்பில் ஆர்வம் மிக்கவர்' என்று வரும்.

ஆனால் ஜேபெஸின் பெருமை அவன் பெற்ற பிள்ளைகளில் இல்லை. அவனைப் பெற்ற அப்பாவிடம் இருந்தது. இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் லிட்டில் மார்னம் என்ற ஊரில் மாளிகை கட்டி வாழ்ந்த கனவான் தாமஸ் பெலாமியின் மகன் அவன். இதில் சந்தேகப்படுவது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். தாமஸின் குலச்சின்னத்தில் மூன்று நாரைகள் உண்டு. அதே மூன்று நாரைகள் எங்கள் நகராட்சிக் கதவிலும், நூலகத்திலும், தீயணைப்பு வண்டியிலும் ஒற்றைக் காலில் நிற்கின்றன. சங்கத்தின் விதிப் புத்தகத்திலும் முதல் வரி அதுதான்: 'லிட்டில் மார்னம் கனவான் தாமஸின் மகனாகிய ஜேபெஸ் பெலாமியின் வழியில் வந்தோர் மட்டுமே உறுப்பினராகலாம்.' வெறும் ஜேபெஸ் போதாது. அப்பாவோடு சேர்ந்த ஜேபெஸ்தான் வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை தேவாலயக் கூடத்தில் நிறுவனர் விருந்து நடக்கும். மட்டி சூப், வேகவைத்த மாட்டிறைச்சி, கரும்புப்பாகு ஊற்றிய சோளமாவுப் புட்டிங். முதல் மனைவியின் வழி வந்தவர்கள் மேசையின் மேல்பக்கம் உட்காருவார்கள். இரண்டாம் மனைவியின் வழி வந்தவர்களுக்குக் கதவுப் பக்கம். முதல் மனைவி பிள்ளை பெற்றுப் பெற்றே போய்ச் சேர்ந்தாள். இரண்டாமவள் தன் பிள்ளைகளோடு மூத்தாள் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தாள். அப்படி வளர்த்ததற்குப் பரிசாக, அவள் வம்சம் முந்நூறு வருஷமாக முதுகில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு சாப்பிடுகிறது.

யூனிஸ் அம்மா வழியில் முதல் மனைவியின் வம்சம். அப்பா வழியைப் பற்றி அவள் பேசியதே கிடையாது. அப்பா எல்மர் ட்ராஸ்க் வடக்கே நியூஃபவுண்ட்லாந்திலிருந்து மீன்பிடிக் கப்பலில் வந்து இங்கே இறங்கியவர். குளிர்கிடங்கில் மீன் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பார். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டே வேலை செய்வதால் அதிகம் பேசமாட்டார். அவர் சட்டையின் வாசனை மகளின் சட்டையிலும் வரும் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். யூனிஸின் பக்கத்து இடம் எப்போதும் காலியாகத்தான் கிடக்கும்.

அந்த யூனிஸ் வளர்ந்து, தன் அம்மாவின் வழியை ஒரு கண்ணி விடாமல் நிரூபித்து, சங்கத்தில் சேர்ந்து, பதிவாளராகவும் ஆனாள். விருந்தில் தலைவருக்குப் பக்கத்தில் மூன்றாவது நாற்காலி அவளுடையது. நீல ரிப்பனும் நாரை வைத்த வெள்ளி ஊசியும் குத்திக்கொண்டு உட்காருவாள். இரண்டு பக்கமும் ஆட்கள். நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். அந்த நாற்காலிதான் அவள் வாழ்க்கை. அதற்காக அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொல்ல வரவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் வம்சம் சரியில்லை, அவ்வளவுதான்.

பதிவாளர் வேலை என்பது, உறுப்பினராக விரும்பி வருகிறவர்களின் தாத்தா பாட்டிமார்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது. பிறந்ததற்குத் தேவாலயப் பதிவு, கல்யாணத்துக்குப் பதிவு, செத்ததற்குப் பதிவு. ஒன்று குறைந்தாலும், சிவப்பு மையில் 'சான்று போதாது' என்று ஒரு முத்திரை வைத்திருந்தாள், அதை ஓங்கிக் குத்துவாள். என் தாத்தா ஏனோக் பெலாமியின் கல்யாணம் நடந்த தேவாலயம் தீப்பிடித்து எரிந்துபோனது. பதிவும் அதோடு போனது. என் சமையலறையில் உட்கார்ந்து என் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தவளிடமே கேட்டேன்.

"ஏண்டி யூனிஸ், எங்க அம்மாவோட அப்பா ஒரு பெலாமின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்னடி?"

"அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்குக் காகிதம் எங்க?"

"அதான் எரிஞ்சு போச்சுன்னு சொன்னேனே. இதோ பாரு, அவங்க கல்யாணக் கரண்டி. ரெண்டு பேர் எழுத்தும் பொறிச்சிருக்கு."

"கரண்டிய வச்சு சூப் குடிக்கலாம் லிடி. வம்சம் சொல்ல முடியாது."

"அப்ப எங்க அம்மா எப்படிப் பொறந்தா?"

"அது சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சூப் போட்டுக்கொண்டாள். அந்த வாரமே தபாலில் வந்தது சிவப்பு முத்திரை.

எனக்குச் சங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். என் கணவர் மனுவேலின் தாத்தா போர்ச்சுகலுக்கு அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து திமிங்கில வேட்டைக்கு வந்தவர். எங்கள் வாசலில் 'மெடீரோஸ்' என்று பலகை தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு ஊரில் பாதிப் பேர் என்னிடம் மெதுவாகவும் உரக்கவும் பேசுவார்கள், எனக்கு மொழி புரியாது என்பதுபோல. இந்த ஊரில் பிறந்தவள் நான். அந்த வெள்ளி ஊசியைக் குத்திக்கொண்டு ஒருநாள் அவர்களிடம் மெதுவாகவும் உரக்கவும் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. ரொம்ப நாள் ஆசை.

1962-இல் ஊருக்கு முந்நூற்று இருபத்தைந்து வயது. சங்கத் தலைவர் லோரிங் ஒரு யோசனை சொன்னார். லோரிங் எங்கள் ஊரின் ஈமச்சடங்கு நிலையத்தின் சொந்தக்காரர். பணக்காரன் ஏழை பார்க்காமல் எல்லோரையும் அவர்தான் புதைப்பார். லிட்டில் மார்னம் தேவாலயச் சுவரில் ஜேபெஸுக்கு ஒரு பளிங்குக் கல் பதிக்க வேண்டும், மூன்று நாரைகளோடு. கல்லும் வெட்டியாகிவிட்டது. ஆனால் அந்த ஊர்த் தேவாலயம் ஒரு நிபந்தனை போட்டது. இந்த ஆள் எங்கள் ஊரில் பிறந்தவன்தான் என்று உங்கள் பதிவாளர் நேரில் வந்து பதிவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது.

"சும்மா ஒரு சடங்குதான் யூனிஸ்," என்றார் லோரிங். "நானே அங்க போய் அந்தப் பக்கத்தைப் போட்டோ புடிச்சிட்டு வந்திருக்கேன். கூடத்துல மாட்டியிருக்கே. நீங்க போங்க, பாருங்க, கையெழுத்துப் போடுங்க, அப்படியே நல்லா ஊர் சுத்திட்டு வாங்க."

யூனிஸ் பாஸ்டனைத் தாண்டிப் போனதில்லை. முகம் தெரியாதவர்களிடம் வழி கேட்பதைவிடத் தொலைந்து போவதே மேல் என்று நினைக்கிறவள். அதனால் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். உறுப்பினர் அல்லாதவள் என்பதால் என் பயணச் செலவு என்னுடையது என்பதையும் தபாலில் தெரிவித்தாள். நான் மனுவேலிடம் சொன்னேன்.

"தாராளமா போயிட்டு வா," என்றார் வலையைத் தைத்துக்கொண்டே. "கொஞ்ச நாளைக்காவது இந்த வீட்டுல யாரோட தாத்தாவும் இல்லாம இருக்கும்."

லிட்டில் மார்னத்தில் நாங்கள் போன நாளில் நல்ல மழை. மாளிகை இருந்த இடத்தில் இப்போது கோழிப் பண்ணை. தேவாலயத்தின் சாவி கர்லிங் என்ற பெரியவரிடம் இருந்தது. பன்றி வளர்த்து ஓய்வு பெற்றவர். ஜேபெஸ் அங்கே இருந்திருந்தால் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். எங்கள் தொப்பிகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஹார்பர்லேர்ந்து வர்றீங்களாம்மா? வாங்க வாங்க. வருஷா வருஷம் வருவாங்க. அழறதுன்னா இந்த நாற்காலியில உக்காந்து அழுங்க. டீ போட்டுட்டு வர்றேன்."

ஒரு பெரிய மரப்பெட்டியிலிருந்து தோல் அட்டை போட்ட பதிவேட்டை எடுத்து வைத்தார். மேசையில் வைத்ததுமே அது தானாக ஒரு பக்கத்தில் விரிந்துகொண்டது. அத்தனை பேர் அதே பக்கத்தைத் திறந்து திறந்து முதுகே உடைந்திருந்தது. ஓரத்தில் விரல் அழுக்கு. எங்கள் ஊர் விரல்கள்.

யூனிஸ் கையுறையைக் கழற்றினாள். பழைய கிறுக்கல் எழுத்தைப் படிக்க அவள் பல குளிர்காலங்கள் செலவழித்துக் கற்றிருந்தாள். எனக்குக் கோழி கிளறியது போலத் தெரிந்ததை அவள் உரக்கப் படித்தாள். '1609, ஜேபெஸ், கனவான் தாமஸ் பெலாமியின் மகன், ஞானஸ்நானம்.' அந்த வரிக்குக் கீழே, காகிதத்தில் படாமல், விரலை நகர்த்தினாள். "இவன்தான் லிடி," என்றாள். என்னை அவமானப்படுத்திய வம்சம்தான் என்றாலும் நானும் குனிந்து அந்த வரியைப் பார்த்தேன்.

கர்லிங் டீயோடு வந்தார். "பாத்தாச்சா? மூடிரட்டுமா?"

"பின்பக்கத்தைத் தெறங்க," என்றாள் யூனிஸ்.

"பின்பக்கமா?"

"முன்னாடி ஞானஸ்நானம் எழுதுவாங்க, பின்னாடி அடக்கம் எழுதுவாங்க. அந்தப் பக்கம் பாக்கணும்."

"அதையெல்லாம் யாரும் கேட்டதில்லையேம்மா. எல்லாரும் பிறப்பப் பாப்பாங்க, ஒரு அழுகை, ஒரு போட்டோ, போயிருவாங்க. டீ ஆறிடும்."

"ஆறட்டும்."

எனக்குப் பசி. "எதுக்குடி இதெல்லாம்?" என்றேன். "பொறந்தான், கப்பல் ஏறினான், பன்னிய அவுத்து விட்டான். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"இங்க பொறந்தவன்தான் அங்க வந்தவன்னு எப்படித் தெரியும்? நடுவுல சாகலைன்னு பாத்தாத்தானே தெரியும். எல்லார்கிட்டயும் நான் கேக்கறது இதுதானே?"

பின்பக்கத் தாள்கள் பிரிய மறுத்தன. பிரிந்தபோது மொடமொடவென்று சத்தம் போட்டன. அங்கே விரல் அழுக்கு இல்லை. அவள் 1609-இல் ஆரம்பித்து இறங்கினாள். 1611-இல் நின்றாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தாள்.

"என்னடி?"

"'ஜேபெஸ், கனவான் தாமஸ் பெலாமியின் மகன், குழந்தை, அடக்கம்.'"

கர்லிங்தான் முதலில் பேசினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"அடப்பாவமே! அத்தனை பேரப்பிள்ளைங்க இருக்காங்களே அவனுக்கு!"

யூனிஸ் அதோடு விடவில்லை. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்படி இன்னொரு ஜேபெஸ் பிறந்தானா என்று மறுபடி முன்பக்கம் போனாள். வரிவரியாகப் பார்த்தாள், கனவான் தாமஸே அடக்கமாகும் வரை பார்த்தாள். தாமஸுக்கு அதற்கப்புறம் பிறந்தவை எல்லாம் பெண்கள். எங்கள் ஊருக்கு வந்த ஜேபெஸ் பெலாமி யார் பெற்ற பிள்ளையோ. எந்த ஊர் பெலாமியோ. கடவுளுக்கும் பன்றிக்கும்தான் வெளிச்சம்.

மழை விடும்வரை தேவாலய வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஊரையே நாரைகளோடு சேர்த்துக் கவிழ்க்கிற செய்தி என் மடியில் விழுந்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். மூன்றாவது நாற்காலி போனால் அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பள்ளிக்கூட பெஞ்சும் பக்கத்துக் காலி இடமும்தான். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"யூனிஸ், கேளு," என்றேன். "லோரிங் முன்பக்கத்தோட நிறுத்தலையா? நீயும் நிறுத்து. கையெழுத்தப் போடு. நானும் பாக்கல, நீயும் பாக்கல. கர்லிங் பன்னி வளத்தவரு, அவரு யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறாரு?"

"உன் கரண்டிய நான் சான்றா ஏத்துக்கல, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"இன்னிக்கு நான் இதை மூடிட்டுப் போனேன்னா, அன்னிக்கு உனக்குச் செஞ்சது அக்கிரமம். சொன்னேன்னாதான் அது விதி." கையுறையை மாட்டிக்கொண்டாள். "இத்தனை வருஷம் உன் சூப்பக் குடிச்சிட்டு உனக்கு அக்கிரமம் பண்ணினவளா நான் ஆக முடியாது லிடி."

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஊருக்கு வந்ததும் லோரிங் தொலைபேசியில் கேட்டார். விருந்தில் அறிக்கை படிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

விருந்தன்று நான் வழக்கம்போல் சமையலறையில் இருந்தேன். உறுப்பினராகத் தகுதியில்லாதவர்கள் பரிமாறத் தகுதியானவர்கள் என்பது சங்கத்தின் எழுதாத விதி. பரிமாறுகிற சன்னல் வழியாகக் கூடம் முழுக்கத் தெரியும். யூனிஸ் எழுந்து, தபால் கட்டணம் சொல்கிற அதே குரலில், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படித்தாள். விதிப் புத்தகத்தின்படி இங்கே உட்கார்ந்திருக்கிற யாரும், தன்னையும் சேர்த்து, உறுப்பினர் அல்ல என்று சொல்லி முடித்தாள்.

கரண்டிகள் நின்றன. கதவுப் பக்கத்திலிருந்து, இரண்டாம் மனைவியின் வம்சத்தார் யாரோ ஒருவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

எங்கள் பகுதி ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. நாய்க்கு வரி போடுவதா, பாலத்துக்குப் பச்சைச் சாயம் அடிப்பதா, எதுவானாலும் ஊர் கூடித் தீர்மானம் போட்டுக் கைதூக்கி முடிவு செய்வோம். கைதூக்கி முடிவு செய்ய முடியாதது எதுவும் உலகத்தில் இல்லை என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. லோரிங் எழுந்து தொண்டையைச் சரிசெய்தார்.

"நம்ம பதிவாளருக்கு நன்றி. ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தப் பதிவுல 'அடக்கம்'னுதான் இருக்கு. 'இறந்தான்'னு எங்கயும் எழுதல."

"மிஸ்டர் லோரிங்," என்றாள் யூனிஸ், "உங்க தொழில்ல இதுவரைக்கும் உயிரோட யாரையாவது புதைச்சிருக்கீங்களா?"

"இது கேள்வி நேரம் இல்ல யூனிஸ். நான் தீர்மானம் கொண்டு வர்றேன். மேற்படிக் குழந்தை இறக்கவில்லை என்று இந்தச் சங்கம் கருதுகிறது."

ஊர்ப் பல் டாக்டர் வழிமொழிந்தார். மனசாட்சி உறுத்திய ஒரு பெண்மணி, 'முழுமையாக இறக்கவில்லை' என்று திருத்தம் கொண்டுவந்தாள். திருத்தம் தோற்றது. தீர்மானம் வென்றது. மேல்பக்கத்துக் கைகள் எல்லாம் உயர்ந்தன; கதவுப் பக்கத்துக் கைகளும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. குளிர்காற்றானாலும் நாற்காலி நாற்காலிதானே. முந்நூற்றைம்பது வருஷமாக மண்ணுக்குள் கிடந்த குழந்தை புட்டிங் வருவதற்கு முன்பே உயிர்பெற்று எழுந்தது. எதிர்த்து ஒரே ஒரு கை.

அந்தக் கை கீழே இறங்கி வெள்ளி ஊசியைக் கழற்றியது. ரிப்பனை மடித்து, ஊசியை அதன்மேல் வைத்து, சிவப்பு முத்திரையையும் கைப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தன் சூப்புக் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்தின் நீளம் முழுக்க நடந்து சமையலறைக்கு வந்தாள். பானைகளுக்கு நடுவில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கிண்ணத்தை நீட்டினாள். ஊற்றினேன். ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு போதாது," என்றாள். பிறகு அழுதாள். நான் அவள் பக்கத்தில் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே புட்டிங்குக்காகக் கையைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்து இல்லாததால் லிட்டில் மார்னம் அந்தக் கல்லை ஏற்கவில்லை. அது இப்போது எங்கள் தீயணைப்பு நிலையத்துச் சுவரில் இருக்கிறது, நாரைகளோடு. லோரிங்கின் மைத்துனி புதிய பதிவாளர் ஆனாள். காகிதம் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வசந்தத்தில் எனக்கு ஒரு பெரிய உறை வந்தது: என் உறுப்பினர் சான்றிதழ், பட்டு நாடா கட்டியது. என் பழைய விண்ணப்பத்தில் எழுதியிருந்த கரண்டியையே அவள் சான்றாக ஏற்றுக்கொண்டிருந்தாள். கூடவே வெள்ளி ஊசியும் இருந்தது.

ஊசியைக் குத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. ஒரு முழு மத்தியானம் குத்திக்கொண்டே பாத்திரம் கழுவினேன். மனுவேல் வந்து பார்த்தார். "இனிமே நான் உன்கிட்ட எழுந்து நின்னு பேசணுமா?" என்றார்.

மறுநாள் சான்றிதழின் குறுக்கே சிவப்பு மையில் 'சான்று போதாது' என்று கையால் எழுதினேன். ஊசியையும் உள்ளே போட்டு ஒட்டி, தபால் நிலையத்துக்குப் போய் யூனிஸிடம் நீட்டினேன். அவள் முகவரியைப் பார்த்தாள். உறையின் கனத்தைக் கையால் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. ஆனால் கட்டணத்தை மட்டும் சொன்னாள், தபால்தலையை ஒட்டினாள், முத்திரை குத்தினாள். கொஞ்சம் பலமாகவே குத்தினாள். அவள் எனக்குச் சொன்ன நன்றி அதுதான். அதை எத்தனை தேவாலயம் எரிந்தாலும் யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்கப்புறம் அவள் சும்மா இருப்பாள் என்று நினைத்தேன். பழக்கம் விடுமா? மாலை வேளைகளில் எங்கெங்கோ எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஜேபெஸுக்கு வேறு அப்பா தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் ஒருநாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். யூனிஸ் வேலியோரம் வந்து நின்றாள். கையில் காகிதம். அதைத் தபாலில் போடாமல், உறையில் வைக்காமல், வேலிக்கு மேலே கையை நீட்டி என்னிடம் கொடுத்தாள். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"யாரோடதுடி இது?"

"எல்மர் ட்ராஸ்க். நியூஃபவுண்ட்லாந்து சர்ச் ஞானஸ்நானப் பதிவு. அப்பா பேரு ஜோப் ட்ராஸ்க், இங்கிலாந்து டார்செட்லேர்ந்து மீன்பிடிக்க வந்தவரு. அந்த ஊருக்கும் எழுதிக் கேட்டேன். ஜோப் பொறந்ததும் இருக்கு, ஜோப்போட அப்பா அம்மா கல்யாணமும் இருக்கு. ஒரு கண்ணி கூட விடல."

நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? பெலாமி ஹார்பர் முழுவதிலும் இங்கிலாந்துக்காரர் பெற்ற பிள்ளை என்று தேவாலயப் பதிவால் சந்தேகமறத் தெளிவான ஒரே ஆள், மீன் பெட்டிக்கு ஆணி அடித்தவர். எனக்குக் குறும்பும் தலைதூக்கியது.

"எல்லாம் சரி. பின்பக்கம் பாத்தியா? அங்கயே சின்ன வயசுல செத்துக் கித்து வச்சிருக்கப் போறாரு."

"பாத்தேன்," என்றாள். "அந்த ஊரு அடக்கப் பதிவுல எல்மர் இல்ல."

காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"அவரு இங்கதான் செத்தாரு லிடி. நான் கையப் புடிச்சிக்கிட்டிருந்தேன். கையெல்லாம் இரும்பு வாசனை. அன்னிக்கு ராத்திரியே சோப்புப் போட்டு என் கையக் கழுவிட்டேன்."

எல்மரின் குழிமேடு மயானத்தின் ஓரத்தில், பெயரில்லாமல், புல் மண்டிக் கிடந்தது. சங்கத்துக்கு வருஷாவருஷம் கொடுத்துவந்த சந்தாவை யூனிஸ் இந்தப் பக்கம் திருப்பினாள். சாதாரணக் கருங்கல். நாரை கிடையாது. கல் வெட்டுகிறவன் என்ன எழுத வேண்டும் என்று கேட்டபோது நானும் உடன் இருந்தேன். எல்மர் ட்ராஸ்க், ஜோப்பின் மகன் என்று ஆரம்பித்து டார்செட் வரைக்கும் போகப் போகிறாள் என்று நினைத்தேன். எல்லாக் காகிதமும் கைப்பையில் இருந்தது. அவள் பையைத் திறக்கவே இல்லை. 'எல்மர் ட்ராஸ்க், யூனிஸின் அப்பா' என்று எழுதச் சொன்னாள்.